சிறைபிடித்த பஸ்ஸும் இரண்டு விசிலும்

பஸ்ஸின் முன்சக்கரத்தை ஒட்டி ஒரு கோரைப்பாய் விரித்திருந்தார்கள். அதன் மேல் எவர்சில்வர் தூக்குப்போசி, இரண்டு தட்டு, ஒரு சொம்புத் தண்ணீர். போசியைத் திறந்தால் ஆவி பறக்கிற இட்லி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தக்காளிச் சட்னி. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. டயரிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“சாப்புடுங்க கண்டக்டரே, ஆறிப்போயிருமுங்க” என்றார் செல்வராசு. அந்த ஊரில் மண் தோண்டுகிற பொக்லைன் வண்டி வைத்திருப்பவர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் பஸ்ஸின் முன்னால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

“எங்களை எப்போ விடுவீங்க?” என்று கேட்டேன்.

“பெரிய ஆபீசருங்க யாராச்சும் வரட்டும், உடனே விட்டர்றோமுங்க. சிறைபிடிச்சிருக்கறோமுன்னு பட்டினி போட முடியுங்களா? சட்னி பத்தலீன்னா சொல்லுங்க.”

என் டிரைவர் கோவிந்தண்ணன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் காதோரம் குனிந்தார். “ஏம்ப்பா ஆரோக்கியம், இவங்க கோவமா இருக்காங்களா, நமக்கு விருந்து வெக்கிறாங்களா? ஒண்ணும் புரியலியே.”

எனக்குப் புரிந்தது. அவர்கள் கடுங்கோபத்தில் இருந்தார்கள்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக ஓடுகிற பஸ்ஸுக்குள் நடந்ததைத்தான் எழுதிவந்தேன். இது ஓடாமல் நின்ற பஸ்ஸின் கதை. நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கார்த்திகையில் ஒரு புயல் மழை நம் பக்கத்தைப் புரட்டிப் போட்டதே, அந்தச் சமயம். நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற தடத்தில் கடைசி ஊர் அது. ஊர் பெயரை எழுதவில்லை. எழுதினால் ‘என் பேரை ஏன் போடலீங்க’ என்று பாதி ஊர் சூரமங்கலத்தில் என் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிடும்.

கோபத்திலும் ஒரு ‘ங்க’

நான் பிறந்து வளர்ந்தது சேலம் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே கோபம் வந்தால் மரியாதை முதல் ஆளாக இறங்கி ஓடிவிடும். ‘டா’ போடாமல் சண்டை போட்டால் அது சண்டையே இல்லை.

நாமக்கல் பக்கத்துத் தடங்களில் வேலைக்கு வந்த புதிதில் நான் திணறிப்போனேன். சில்லறை பாக்கி தர மறந்துவிட்ட என்னைப் பார்த்து ஒரு பெரியவர், “ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?” என்றார். திட்டுகிறாரா, நலம் விசாரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவே இல்லை. பிறகு போகப் போகத் தெரிந்துகொண்டேன். இவர்கள் ‘ங்க’ போட்டே ஒருவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அந்த ‘ங்க’ குறைய ஆரம்பித்தால்தான் நாம் பயப்பட வேண்டும்.

அன்று காலை அது மெல்லக் குறைந்துகொண்டு வந்தது.

எங்கள் பஸ் நைட் ஹால்ட் வண்டி. ராத்திரி கடைசி ட்ரிப் அந்த ஊரில் போய் நின்றுவிடும். நானும் கோவிந்தண்ணனும் ஊர்ப் பொது மண்டபத்தில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் ட்ரிப்பை எடுப்போம். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் விருந்தாளியும் இல்லை, வெளியாளும் இல்லை. எங்களுக்கு எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரியும். அதனால்தான் அந்த இட்லி.

தண்ணீரைக் கண்ட சந்தோஷம்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகப் போய்விடும்.

அந்த ஊர் ஏரி பல வருடமாகக் காய்ந்து கிடந்தது. அதில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிப் பெரியவர்களாகி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து, அதுகளும் அங்கேயே கிரிக்கெட் விளையாடின. மரவள்ளியும் சோளமுமாக வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பூமி. போர் போட்டால் ஆயிரம் அடிக்குக் கீழே புழுதிதான் கிளம்பும். அப்படிப்பட்ட ஊரில் அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டது.

ஊரே ஏரிக்கரையில்தான் இருந்தது. பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள், எங்கள் பஸ்ஸுக்கும் மாலை போட்டார்கள். ஏரி நிரம்பி வழிகிற இடத்தை இந்தப் பக்கம் கோடி என்பார்கள். கோடியில் தண்ணீர் வழிந்து போவதைப் பார்த்ததும் இவர்களுக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து வந்த தண்ணீரை எவனாவது வெளியே விடுவானா? கோடி மேல் மணல் மூட்டைகளை அடுக்கி இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தேக்கி வைத்தார்கள்.

வெள்ளத்தோடு பழகிய ஊர்க்காரன் இதைச் செய்ய மாட்டான். வறட்சியோடு பழகியவனுக்குத்தான் இப்படிக் கை போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மூட்டைகளை நானும் போய்ப் பார்த்து ‘அடடா’ என்று சந்தோஷப்பட்டவன்தான்.

அதற்குப் பிறகுதான் புயல் வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டியதில் ஏரி தளும்ப ஆரம்பித்தது. இனியும் மூட்டை இருந்தால் கரையே உடைந்துவிடும் என்று விடியலில் ஆண்கள் போய் மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக ஊரை நோக்கி இறங்கியது.

அணையாகிப் போன ரோடு

இறங்கிய தண்ணீர் பழைய காலமாக இருந்தால் கீழத்தெருவைத் தொட்டுவிட்டு, பள்ளத்தில் ஓடி, ரோட்டைத் தாண்டி, வாய்க்காலில் விழுந்து போயிருக்கும். இப்போது போகவில்லை. காரணம் ரோடு.

நம் ஊர்களில் ரோடு போடுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பழைய ரோட்டைச் சுரண்ட மாட்டார்கள். அதன் மேலேயே புதிதாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஊர் ரோடு அப்படி ஏறி ஏறி, பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் மாதிரி நின்றது. அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய். அதுவும் பிளாஸ்டிக் பையும் சேறும் அடைத்துப் போயிருந்தது. ‘குழாய் பத்தாதுங்க, பாலம் வேணுமுங்க’ என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மனுநீதி நாளிலும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, தண்ணீர் ரோட்டில் முட்டி நின்றது. கீழத்தெருவில் இடுப்பளவு. பாத்திரம், துணி, பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் மிதந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் பொது மண்டபத்துக்கு ஏறி வந்துவிட்டார்கள். ஆனால் மழை விட்ட பிறகும் ஏரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.

ரோட்டின் மேல் மட்டும் தண்ணீர் இல்லை. அதனால் முதல் ட்ரிப் எடுக்கலாம் என்று கோவிந்தண்ணன் வண்டியை எடுத்தார். ரோட்டில் ஏறியதும் மறித்துவிட்டார்கள்.

யாருடைய ரோடு?

விடிந்ததிலிருந்து போன் போட்டபடியே இருந்தார்கள். செல்வராசு போனை ஸ்பீக்கரில் வைத்தார். சுற்றி ஊரே நின்று கேட்டது.

முதல் ஆபீஸில் எடுத்தவர் ரோடு எங்களுடையது இல்லை, பக்கத்து ஆபீஸைக் கேளுங்கள் என்றார். பக்கத்து ஆபீஸ்காரர் தண்ணீர் ஏரியிலிருந்து வருகிறது, ஏரி ஆபீஸைக் கேளுங்கள் என்றார். ஏரி ஆபீஸ்காரர் ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரோடுதான் பிரச்சனை, ரோட்டுக்காரரைக் கேளுங்கள் என்றார். நாலாவதாக ஒருவர், “எல்லாரும் வெள்ள டியூட்டில இருக்காங்க” என்றார்.

“சார், இங்கதான் வெள்ளமுங்க!” என்று கத்தினார் செல்வராசு. லைன் கட்டாகிவிட்டது.

நானும் என் டெப்போவுக்கு அடித்தேன். என்னிடம் யூனிபார்ம் இருக்கிறதே, எனக்காவது பதில் வரும் என்று ஒரு நப்பாசை. “வண்டியை எப்படியாவது வெளிய எடுத்துட்டு வாங்க” என்றது அங்கிருந்து ஒரு குரல். ஊர் எப்படி இருக்கிறது, நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தண்ணீரில் வீசியிருப்பேன். போன் என் சொந்தக் காசில் வாங்கியது என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த நிமிஷமே அது அடித்தது. என் வீட்டுக்காரி. “கிறிஸ்துமஸ் வருது, ஸ்டார் எப்பங்க கட்டுவீங்க?” என்றாள். சிறையில் இருக்கிறேன் என்று சொன்னேன். “சரி, வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க” என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் கல்லைத் தூக்கிவிட்டார். கீழத்தெருவில் வீட்டுச் சுவர் விழுந்தவர். “இந்தக் கவருமெண்டு வண்டிய ஒடச்சாத்தான் வருவானுக” என்றார். அதில் ‘ங்க’ இல்லை. கோவிந்தண்ணன் வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தண்ணீரிலிருந்து ஓர் அம்மா ஏறி வந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துச் செருகியிருந்தாள். கையில் ஒரு செத்த கோழி.

மரகதத்தின் ஷெட்

மரகதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது என் பஸ்ஸில் கோழி மருந்து வாங்க நாமக்கல் போவாள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். அன்று அவர் நாக்பூர் தாண்டி எங்கேயோ இருந்தார். முட்டைக்கோழி ஷெட்டை அவள்தான் நடத்துகிறாள். தண்ணீர் முட்டி நின்ற பக்கத்திலேயே, ரோட்டோரமாக அந்த ஷெட்.

இப்போது கட்டுகிறார்களே உயரமான ஷெட், அந்த மாதிரி இல்லை. பழைய காலத்துத் தாழ்வான ஷெட். கூண்டுகள் மூன்று அடுக்கு. அடி அடுக்கைத் தண்ணீர் தொட்டுவிட்டது. கூண்டுக்குள் இருக்கிற கோழி எங்கே ஓடும்? அதன் சத்தம் நாங்கள் நின்ற இடம் வரை கேட்டது. கோழிப்பண்ணைப் பக்கம் பழகியவர்களுக்கு அந்தக் கொக்கரிப்பு தினம் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குக் கேட்டது வேறு. எல்லாக் கோழிகளும் சேர்ந்து ஒரே குரலில் கத்தின.

மரகதம் கல் வைத்திருந்தவரின் முன்னால் போய் நின்றாள். “கல்லக் கீழ போடுங்க சித்தப்பா. பஸ்ஸ ஒடச்சா எங் கோழி பொழைக்குமுங்களா? ரோட்ட ஒடைங்க, பொழைக்கும்.”

கல் கீழே விழுந்தது. எல்லோரும் செல்வராசுவைப் பார்த்தார்கள். ரோட்டோரம் அவருடைய பொக்லைன் நின்றது. டீசல் இருந்தது. பத்து நிமிஷ வேலை. ரோட்டின் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிடும்.

செல்வராசு தலையைக் குனிந்துகொண்டார். “என்னால முடியாது மரகதம். உனக்கே தெரியும்.”

கருப்பணார் முன்னால் செய்த சத்தியம்

ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஒரு வருடம் முன்பு யாரோ ஓர் அவசரத்துக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கச் சொன்னார்கள் என்று செல்வராசு இதே ரோட்டில் வெட்டிவிட்டார். கேஸாகிவிட்டது. அவருடைய பொக்லைன் மாதக்கணக்கில் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலில் கிடந்தது. வண்டி திரும்பி வந்த அன்றைக்குக் கருப்பணார் கோயிலில் சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்தார். கவருமெண்டு ஆள் ஒருத்தர் நேரில் நின்று தன் வாயால் சொல்லாமல் கவருமெண்டு மண்ணில் பக்கெட்டை இறக்க மாட்டேன் என்று.

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மீறச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். மரகதமும் கேட்கவில்லை. கோழியைக் கையில் பிடித்தபடி நின்று யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, இந்த பஸ் யாருதுங்க?”

“அரசாங்கத்துதும்மா.”

“உங்களுக்குச் சம்பளம்?”

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. “அம்மா, நான் கண்டக்டரும்மா.”

“வண்டி மேல ‘அரசு’ன்னு இத்தாம் பெருசா எழுதியிருக்குது. காலைல இருந்து கவருமெண்டு கவருமெண்டுன்னு கத்தறோம். அது இங்கதான நின்னுட்டு இட்லி தின்னுட்டு இருந்திருக்குது!” என்றாள். அத்தனை துயரத்திலும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “நீங்க சொல்லுங்ணா. நீங்க சொன்னா செல்வராசண்ணன் வெட்டுவாரு. சத்தியமும் நிக்கும், எங் கோழியும் நிக்கும்.”

கோவிந்தண்ணன் ஜன்னல் வழியே கத்தினார். “ஆரோக்கியம், வாயத் தொறக்காத! ரோட்ட வெட்டினா நம்ம வண்டி இந்தப் பக்கமே மாட்டிக்கும். மெமோ இல்ல, வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல தேவையா?”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். தண்ணீர் இன்னொரு சாண் ஏறியிருந்தது.

எங்கள் வீட்டு விசில்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பாரே, அவர்தான். வீட்டில் அதிர்ந்து பேசியே நான் கேட்டதில்லை. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் விளையாடுகிற எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் விசில்தான். அம்மாவோடு சண்டை என்றால் சமாதானத்துக்கும் விசில்தான். அடுப்படி வாசலில் நின்று மெல்லமாக ஊதுவார். அம்மா கரண்டியோடு வந்து, “நான் என்ன சரக்கு வண்டியா?” என்று சத்தம் போடுவார். அதோடு சண்டை முடிந்தது. நான் கண்டக்டர் ஆனபோது, “நம்ம வீட்டுல விசில் விடாது போலிருக்கே” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று ரோட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘ரோட்டை வெட்டுங்கள்’ என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சொன்னால் பொய். சொல்லாவிட்டால் அந்தக் கோழிகளின் கத்தல் நின்றுபோகும். அது எப்படி நிற்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. விசில் கிடைத்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ரோட்டைப் பற்றி உத்தரவு போட எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் முன்னால் நிற்கிற வண்டிக்குப் போகலாம் என்று சொல்வதுதானே இத்தனை வருடமாக என் வேலை?

பொக்லைனைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். இரண்டு விசில் ஊதினேன்.

செல்வராசு தயங்கினார். “வாயால சொல்லோணும்னு சத்தியம் பண்ணியிருக்கறேனுங்களே...”

“அண்ணன் பின்ன எதாலீங்க ஊதுனாரு? மூக்காலயா?” என்றாள் மரகதம்.

செல்வராசு கருப்பணார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வண்டியில் ஏறினார்.

டிக்கெட் வாங்காத பயணிகள்

தார் உடைகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பக்கெட் மூன்றாம் முறை இறங்கியதும் தண்ணீர் வெட்டுக்குள் நுழைந்து பழுப்பாகக் கீழே பாய்ந்தது. ஊரே ஓவென்று கத்தியது. கல்லைத் தூக்கியவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினார்.

ஆனால் மட்டம் உடனே இறங்கிவிடவில்லை. அடி அடுக்குக் கோழிகளை அதுவரை காப்பாற்ற வேண்டும். எங்கே வைப்பது? பக்கத்தில் நனையாத கூரை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் என் பஸ்ஸைப் பார்த்தார்கள். இந்தத் தடவை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே இரண்டு கதவையும் திறந்துவிட்டேன்.

ஷெட்டிலிருந்து பஸ் வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றிக் கோழிகள் வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்திருந்த கோவிந்தண்ணன் கடைசி சீட்டுக்குப் போய் வாங்கி வாங்கி வைத்தார். சீட்டில் கோழி, சீட்டுக்கு அடியில் கோழி, படியில் கோழி. ஒன்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து கூண்டுக்குள்ளேயே இருந்த ஜீவன்கள். நடக்க இடம் கிடைத்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றன.

“கண்டக்டரே, இத்தனை பேருக்கு டிக்கெட்டு?” என்று யாரோ கேலி செய்தார்கள்.

“எல்லாம் பொட்டைங்க. பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட் இல்லீங்க” என்றாள் மரகதம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடி அடுக்கில் கொஞ்சம் போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்தன. மதியத்துக்குள் ஷெட்டின் தரை தெரிந்தது. ஆனால் சேற்றைக் கழுவிக் கூண்டு காய்கிற வரை, அன்று ராத்திரியும் கோழிகள் பஸ்ஸிலேயே இருந்தன.

ஒண்ணு ஊதியிருந்தால்

மறுநாள் காலை அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். ஜீப்பை வெட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, போட்டிருந்த பலகையில் நடந்து வந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. புடவை ஓரம் கிழிந்திருந்தது. கண் சிவந்திருந்தது. வேறு இரண்டு ஊர்களில் ஆட்களைப் படகில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று அவருடைய டிரைவர் மெதுவாகச் சொன்னார்.

ஊர் அதற்காகப் பொறுக்கவில்லை. தேக்கி வைத்திருந்த கோபத்தை மொத்தமாகத் திறந்துவிட்டது. ஆளாளுக்குத் தள்ளிவிட்ட போன், வாங்கி வைத்த மனுக்கள், ஏறிக்கொண்டே போன ரோடு, விழுந்த சுவர் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. போனை எடுத்துப் பார்க்கவில்லை. நின்று முழுக்கக் கேட்டார். அரசாங்க வேலையில் இத்தனை வருடம் இருந்த நான், ஓர் அதிகாரி அப்படி நின்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

“நேத்தே இங்க யாராவது வந்திருக்கணும். வரலை. எங்க தப்புதான்” என்றார். ஊர் கொஞ்சம் தணிந்தது. “ஏரிக் கோடியில மூட்டை கிடக்குதே, அது யாரு வெச்சது?”

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மரகதம்தான் முன்னால் வந்தாள்.

“நாங்கதானுங்க மேடம். தண்ணியப் பார்த்த ஆசைல வெச்சுப்போட்டோம். அதுக்கு எங்களத் திட்டுங்க, கேட்டுக்கறோம். ரோட்ட அணையாட்டத் தூக்குனது உங்காளுங்க. அதுக்கு நாங்க திட்டறோம், நீங்க கேட்டுக்கோங்க.”

“சரி. ரோட்டை வெட்டினது?”

“கவருமெண்டுங்க” என்றாள் மரகதம். ஊரே தலையாட்டியது.

அதிகாரி பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கோழித் தலைகள். படியில் இரண்டு முட்டை. பக்கத்தில் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு நிற்கிற நான்.

“நீங்க?”

“கண்டக்டர், மேடம்.”

“விசில் ஊதினீங்களாமே.” யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

“ஊதினேன், மேடம்.” கோவிந்தண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எத்தனை?”

“ரெண்டு.”

களைத்துப்போன அந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “ஒண்ணு ஊதி நிறுத்தியிருந்தாத்தான் உங்க மேல தப்பு” என்றார்.

மெமோ வராமல் இல்லை. பஸ்ஸில் ஏன் கோழி நாற்றம் என்று தனியாகவும் ஒன்று வந்தது. அந்த அம்மா எங்கே என்ன பேசினாரோ, இரண்டும் அப்படியே அடங்கிப்போயின. செல்வராசு குழாய் போட்டு மண்ணை நிரவிக் கொடுத்த பிறகு நாங்கள் வெளியே வந்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மரகதத்தின் முட்டை. ஸ்டார் கட்டத் தாமதமாகிவிட்டது. பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. நடுவில் ஊர்க்காரர்கள் இன்னொரு முறை மறியல் செய்தார்கள். நாலைந்து பேராகக் கிளம்பி மாதம் தவறாமல் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா மாற்றலாகிப் போகிற வரை விடாமல் எழுதினார். அடுத்து வந்தவரை மரகதம் விடவில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகுதான் பாலம் கட்டி முடித்தார்கள். ஐப்பசி பிறந்தால் இப்போது ஊரே கூடிக் கோடியைப் பார்க்கிறது. யாரும் மூட்டை வைப்பதில்லை. வைக்கலாமா என்று கை துறுதுறுக்கிறவர்களை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் மரகதத்தின் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். என் பழைய தடத்தில் நான் டிக்கெட் எடுத்துப் பயணியாகப் போனேன். கண்டக்டர் புதுப் பையன். மீசை இன்னும் சரியாக வரவில்லை. ஊருக்கு முன்னால் அவன் குரல் கொடுத்தான்.

“விசில் பாலம் எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க!”

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. “தம்பி, என்ன ஸ்டாப்பிங் சொன்னீங்க?”

“விசில் பாலமுங்க சார்.”

“ஏன் அந்தப் பேரு?”

“தெரியலீங்க. நெம்பப் பழைய பேருங்க அது. தாத்தா காலத்துப் பேரா இருக்குமுங்க.”

நான் எழுந்தேன். “உங்க டிக்கெட்டு ஊருக்குள்ள வரைக்கும் இருக்குதுங்களே சார்” என்றான். இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அகலமான பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். முந்தின நாள் மழை பெய்திருந்தது. எனக்குப் பின்னால் அந்தப் பையன் இரண்டு விசில் கொடுத்தான், பஸ் பாலத்தின் மேல் ஏறிப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீர் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.